வாங்கின அலமாரி

பெலாகியாவின் அப்பா, தச்சர் ஹெர்ஷ் வைன்ஷ்டோக்குக்கு நாற்பது ஸ்லோட்டி பாக்கி வைத்திருந்தார். சமையலறை அலமாரி செய்த வகையில் வந்த பாக்கி. மொத்த விலை நூறு. அறுபதைக் கொடுத்து அலமாரியை வண்டியில் ஏற்றி வந்தாயிற்று, மீதியை அறுப்பு முடிந்ததும் தருவதாகப் பேச்சு. அது முப்பத்தொன்பதாம் வருஷத்து வசந்தம். அறுப்பு முடிந்த கையோடு ஜெர்மானியர்கள் வந்து இறங்கினார்கள். அடுத்த அறுப்பில் தானியத்தை அவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அதற்கடுத்த வருஷம் பசு செத்தது. நாற்பத்திரண்டில், இலை உதிரும் காலத்தில், எங்கள் லெஷ்னோவாவின் யூதர்கள் எல்லோரையும் சந்தைத் திடலில் உட்கார வைத்து, பிறகு ரயிலடிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஹெர்ஷும் அந்தக் கூட்டத்தில் போனார். பாக்கி அப்படியே நின்றது.

இதை ஒழுங்காக எழுத இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஒற்றைக் குதிரை வண்டியில் செங்கல் அடிக்க ஆரம்பித்து, ஆறு லாரியும் சொந்த மணல் குவாரியும் வைத்தவன். பொலேஸ்லாவ் கூரெக் என்றால் மாவட்டத்தில் எந்தக் கட்டடக்காரனும் தொப்பியைத் தொடுவான். பெலாகியா என் மனைவியின் அக்கா, என்னைப் போலெக் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வேலி. அவள் இருமினால் எனக்குக் கேட்கும்.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் சூப் கிளறியவள். புருஷன் சீக்கிரம் போய்விட்டான், பிள்ளை இல்லை. கடையில் ஒரு தீப்பெட்டி கூடக் கடன் சொல்லி வாங்கமாட்டாள். காசு குறைந்தால் பொருளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவாள். கடைக்காரி, "அட, நாளைக்குக் குடுங்களேன்" என்றால் அவளைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்ப்பாள்.

எங்கள் பேச்சில் ஒரு சொல் உண்டு: 'யூதருக்கப்புறத்து', யூதர்கள் போனபிறகு கைக்கு வந்தது. சட்டி, மெத்தை, கதவு, தையல் மிஷின், எதற்கு வேண்டுமானாலும் முன்னால் போடலாம். கடைச் சரக்கு, வீட்டில் செய்தது என்று சொல்வது போலத்தான் அதையும் சொல்வோம், குரல் ஏறாது இறங்காது. எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருந்தது. பெலாகியா வீட்டில் மட்டும் இல்லை. யாராவது அவள் சமையலறைக்குள் நுழைந்து அலமாரியைப் பார்த்தால் போதும், கேட்காமலே சொல்லிவிடுவாள்: "அது வாங்கினது." அந்த ஒரு வார்த்தைதான் அவளுடைய சொத்து. அதற்கு நாலு வருஷச் சோதனை வந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் படக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். போர்க்காலத்து யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றிய படம். எங்கள் திடலைச் சுற்றி ஒரு பழைய வீட்டைக்கூட இடிக்காமல் வைத்திருந்தது அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. இடிக்கப் பணம் இல்லை என்பது வேறு விஷயம். டைரக்டர் மாலெட்ஸ்கி என்பவன் முடியைத் தோள்வரை விட்டிருந்த பையன். திடலில் போட்டிருந்த தாரை மறைக்க மண் வேண்டும் என்றான். கொட்டினேன். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை காலடியில் தெரிகிற மண் அத்தனையும் கூரெக்குடைய மண்.

ஈவோனா என்று ஒரு பெண், படத்துக்குச் சாமான் சேகரிப்பவள். போருக்கு முந்தைய பொருள் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், நாளுக்குப் பத்து ஸ்லோட்டி வாடகை, யூதர் வீட்டுப் பொருளாக இருந்தால் பதினைந்து, டைரக்டர் நிஜப் பொருள்தான் வேண்டுமென்கிறார் என்று தேவாலய வாசலில் நின்று சொன்னாள். ஒருவரும் வரவில்லை. படம் என்பது சாக்கு, யூதர்கள் ஆளனுப்பி எந்த வீட்டில் எது இருக்கிறதென்று பார்க்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சிலர் சாமான்களை இரவோடிரவாக வைக்கோலுக்குள் தள்ளினார்கள். நான்தான் கள்ளுக்கடையில், மண்ணுக்காகக் கம்பெனி கொடுத்த முன்பணக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். காசைப் பார்த்ததும் பயம் தெளிந்தது. மறுநாள் வண்டி, டிராக்டர், குழந்தைகளைத் தள்ளும் வண்டி என்று திடலைச் சுற்றி வரிசை நின்றது.

அந்த வரிசை மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஐம்பது வருஷமாக 'எங்களது' என்று சத்தியம் செய்தவர்கள் இப்போது 'யூதருக்கப்புறத்து' என்று சத்தியம் செய்தார்கள். கிழவன் சீப்ரியான் தையல் மிஷினோடு வந்தான். அது மனைவியின் சீதனம் என்று ஊருக்கே தெரியும்.

"தையக்காரன் வீட்டுதுங்க. சந்தேகமே வேணாம்" என்றான்.

பக்கத்தில் நின்ற மனைவி, "அப்ப என் சீதனம்னு சொல்லிட்டுத் திரிஞ்சது?" என்றாள்.

"வாயை மூடு. பதினஞ்சு ஸ்லோட்டி."

இன்னொருவன் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து யூத குருவின் வீட்டுச் சுவரில் தொங்கியது என்றான். ஈவோனா அதைத் திருப்பிப் பார்த்து, போருக்குப் பிறகு திறந்த ஃபாக்டரியின் பெயரைக் காட்டி, அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

பெலாகியா வரிசைக்கு வரவில்லை. நான்தான் ஈவோனாவை அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அலமாரியைப் பார்த்ததும் ஈவோனா கிட்டே போய் அதைத் தடவிப் பார்த்தாள். ஓக் மரம், மேலே கண்ணாடிக் கதவு, மூலைகளில் திராட்சைக் கொத்து செதுக்கியிருக்கும்.

"இது யார் வீட்டுதும்மா?"

"எங்க வீட்டுது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி மரம்."

நான் அவளை ஓரமாக அழைத்து, "பெலா, ஒரு வார்த்தை சொன்னா நாளுக்கு அஞ்சு ஸ்லோட்டி கூட" என்றேன். "அதை உன் லாரிக்குச் சொல்லு, போலெக்" என்றாள். வாங்கினது என்று எழுதச் சொல்லி, எழுதினதை வாசிக்கவும் சொல்லி, பத்து ஸ்லோட்டிக்குத்தான் விட்டாள். ஆனால் அலமாரி போகும் இடத்துக்கெல்லாம் தானும் வருவேன் என்றாள். டைரக்டருக்கு அது வசதியாகப் போயிற்று. கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும், பழைய துணி உடுத்தச் சொல்ல வேண்டிய அவசியமில்லாத ஆள்.

படத்தில் அந்த அலமாரிக்குப் பெரிய பங்கு. யூத வீட்டின் அம்மா படம் பாதிவரை அதைத் துடைத்துக்கொண்டும், வெள்ளிக்கிழமைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டும் இருப்பாள். பெலாகியா காமெராவுக்குப் பின்னால் நின்று அந்த நடிகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஈரத்துணியால துடைக்கிறா" என்பாள் என்னிடம். அவ்வளவுதான் அவள் சொன்ன குறை. திடலில் ஆட்களை உட்கார வைத்துப் படம் எடுத்த அன்று மட்டும் அவள் வரவில்லை. அவள் வயதுக்காரர்கள் ஒருவருமே வரவில்லை. திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தார்கள்.

அதற்கு மறுநாள் எடுத்த காட்சிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. குடும்பத்தைக் கொண்டுபோன பிறகு அக்கம்பக்கத்தார் உள்ளே புகுந்து சாமான்களைத் தூக்க வேண்டும். நடிப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

"இந்த வீட்ல இனி யாரும் இல்ல. எடுத்துக்கங்க" என்றான் டைரக்டர்.

"எதை எடுக்கணும்?" என்றான் சீப்ரியான்.

"எது வேணுமோ அதை."

எது வேணும் என்று யோசிக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது? அடுத்தவன் கைபட்டு உடைந்தால் யார் பொறுப்பு என்ற கவலைதான். ஆளாளுக்குத் தான் வாடகைக்கு விட்ட பொருளிடம்தான் போனார்கள். மெத்தைக்காரி மெத்தையை எடுத்தாள். சட்டிக்காரன் சட்டியை எடுத்தான். ஒருவர் கையில் ஒருவர் மோதவில்லை, ஒன்றும் கீழே விழவில்லை. அவ்வளவு பழகின கைகள். டைரக்டர் 'நிறுத்து' என்று சொல்ல மறந்தே போனான். சீப்ரியான் தையல் மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு காமெராவைத் தாண்டினான், வாசலைத் தாண்டினான், நிற்காமல் நடந்து வீட்டுக்கே போய்விட்டான். பிறகு ஆளனுப்பித்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்த இரண்டு பலசாலிகள் அலமாரியைத் தூக்கப் போனார்கள். பெலாகியா குறுக்கே புகுந்து, அலமாரியில் முதுகைச் சாய்த்துக் கையை விரித்து நின்றாள்.

"இது வாங்கினது" என்றாள்.

அப்படி ஒரு வசனம் கதையில் இல்லை. டைரக்டர் ஓடிவந்து அவள் கையை முத்தமிட்டான். அவள் கையை உருவிக்கொண்டு, கதவில் கீறல் விழுந்திருப்பதைக் காட்டி, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் படத்தைப் போட்டார்கள். ஊரே நல்ல துணி உடுத்தி வந்தது. மேயர் ரொட்டியும் உப்பும் கொடுத்து டைரக்டரை வரவேற்றார். எனக்கு முதல் வரிசையில் நாற்காலி. பெலாகியாவை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரையில் தங்கள் முகத்தைத் தேடி ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், "அங்க பாரு, உங்க அப்பன் மூக்கு" என்று. சாமான் தூக்குகிற காட்சி வந்ததும் சிரிப்பு நின்றது. அங்கே தனித்தனியாகச் செய்தபோது ஒன்றும் தெரியவில்லை. திரையில் வரிசையாகப் பார்த்தபோது இன்னார் வீட்டில் இன்ன பொருள் என்று ஊர் கணக்கெடுப்பது போல இருந்தது. நாற்காலிகள் முனகின. பிறகு பெலாகியா வந்தாள், கையை விரித்தாள், "இது வாங்கினது" என்றாள். ஒரு மணி நேரமாக அந்த யூதப் பெண் தட்டு அடுக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனம் என்ன நினைக்கும்? கூடம் முழுக்கச் சிரித்தது. தங்களைவிடப் பெரிய பொய்க்காரி ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்ற நிம்மதிச் சிரிப்பு அது.

பெலாகியா எழுந்து போகவில்லை. கைப்பையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தலைநகரத்துப் பத்திரிகைகள் எழுதின. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு நாட்டின் பொய் முழுவதையும் அந்தக் கிழவி இரண்டே சொல்லில் சொல்லிவிட்டாளாம். படம் ஏதோ வெளிநாட்டில் பரிசு வாங்கியபோது அந்தத் துண்டைத்தான் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஊருக்கு வெளியே அவள் பொய்க்காரி. ஊருக்குள்ளே அதைவிட மோசம். படம் நம் முகத்தில் துப்புகிறது என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். மேயர் கதையைத் தன்னிடம் காட்டவே இல்லை என்றார். டைரக்டர் கைக்கு எட்டவில்லை, பெலாகியா எட்டினாள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த பெஞ்சில் இடம் காலியாகும். சீப்ரியானின் மனைவி கடைவாசலில் வைத்து, "நாங்கல்லாம் திருடினோம், நீ மட்டும் வாங்கினியாக்கும்" என்றாள். யாரோ அவள் வேலியில் தார் கொண்டு 'விலை என்ன?' என்று எழுதினார்கள். நானே பெயிண்ட் வாங்கி, நானே அடித்தேன். இரண்டு பூச்சு, விலை உயர்ந்த பெயிண்ட். தார் மறுபடி கசிந்து தெரிந்தது.

இரண்டு வருஷம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் அவள் சமையலறைக்குப் போய், வக்கீல் வைக்கப் போகிறேன், அந்த அலமாரி காசு கொடுத்து வாங்கினது என்று பத்திரிகையிலேயே போட வைக்கிறேன், செலவு என்னுடையது என்றேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வைக்காத போலெக். அது பூரா வாங்கினது இல்ல" என்றாள்.

அன்றுதான் எனக்கு அந்த நாற்பது ஸ்லோட்டி விஷயம் தெரிந்தது. சின்ன வயதில் தச்சுப்பட்டறை வழியாகப் போகவே அவளுக்குக் கூச்சமாம். ஹெர்ஷ் உள்ளேயிருந்தே, 'என்ன பொண்ணே, உங்கப்பா வயல் விளைஞ்சுதா?' என்று சிரித்துக்கொண்டு கேட்பாராம். அதனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாளாம். அப்பா செத்தபிறகு தானே கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோது வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆளில்லாத கடன் எப்படிக் கடனாகும் என்று பாவமன்னிப்பின்போது குருவானவர் சொல்லிவிட்டாராம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறாள்.

அடுத்த வசந்தத்தில் வால்ப்ஷிக்கிலிருந்து ஒரு கிழவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெயர் நாத்தான் வைன்ஷ்டோக். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஹெர்ஷின் அண்ணன் மகன். போர் ஆரம்பித்ததும் ரஷ்யப் பக்கம் ஓடிப்போனதால் மிஞ்சியவர். அவர் திடலில் நடக்க நடக்க ஒவ்வொரு ஜன்னலிலும் திரை இறங்கியது. என் குவாரி ஆபீஸ் கதவு மட்டும்தான் திறந்திருந்தது. படத்தில் வந்த அம்மாள் வீடு எது என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் பெலாகியாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக அலமாரியிடம் போய், கீழ் இழுப்பறையை இழுத்து, அதன் மூலையில் விரலை ஓட்டினார்.

"இதுக்குப் பசை காய்ச்சினது நான். கருக விட்டுட்டேன்னு சித்தப்பா காதைத் திருகினார்" என்றார்.

பெலாகியா தேநீர் வைத்தாள். தட்டு எடுக்க அலமாரியைத் திறக்காமல், அடுப்படியில் கழுவி வைத்திருந்ததையே எடுத்தாள். சுரங்கக்காரர்கள் மன்றத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததாக அவர் சொன்னார்.

"நீங்க அப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. பார்த்தவங்கள்ல எனக்கு மட்டும்தாம்மா தெரியும், நீங்க பொய் சொல்லலைன்னு. வண்டியில ஏத்திவிட்டதே நான்தானே." ஒரு வாய் குடித்தார். "நாற்பது பாக்கின்னும் எனக்குத் தெரியும்."

"அப்ப வசூலுக்குத்தான் வந்திருக்கீங்க" என்றேன் நான்.

"அப்படின்னே வெச்சுக்கங்களேன்" என்று சிரித்தார்.

பெலாகியா சிரிக்கவில்லை. பழைய நாற்பதுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்தாள். வங்கியில் கேட்டதற்கு அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டாளாம். நான் உடனே கணக்குப் போட்டுச் சொன்னேன்: போருக்கு முன்னால் நாற்பது என்றால் அரைப் பன்றி, இன்றைக்கு அரைப் பன்றி இருநூறு. வங்கிக்காரிக்கு வராத கணக்கு. அந்த இருநூறைப் பத்துப் பத்தாக மாற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இதை வாங்கிட்டா அலமாரி உங்களுதாயிடும்" என்றார் நாத்தான்.

"அலமாரியையும் எடுத்துட்டுப் போங்க. போலெக் லாரி தருவான்."

தருவேன் என்றேன். டீசலும் என்னது என்றேன்.

"எனக்கு எட்டாவது மாடியில ரெண்டு அறை. இதை வெச்சா நான் நடையில படுக்கணும்" என்றார். அப்புறம் கையை நீட்டினார். எனக்கு மனசு லேசாயிற்று. இதோ முடிந்தது, நாளைக்கே ஊர் முழுக்க நான் சொல்லிவிடுவேன், பூராவும் வாங்கினதுதான் என்று.

பெலாகியா முதல் நோட்டை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"இதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க. அப்புறம் வேணாம்னா வேணாம்" என்றாள். "அவங்களைக் கொண்டுபோறதுக்கு முந்தின வாரம் உங்க சித்தப்பா எங்க வீட்டுக்கு வந்தார். அவர் எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல. அந்தக் கதவுகிட்ட நின்னார். பாக்கியைக் கேட்டார். எங்கப்பா அறுப்பு முடியட்டும்னார். அறுப்பு முடிஞ்சு களமெல்லாம் கூட்டியாச்சு. அது அவருக்கும் தெரியும்."

"உங்கப்பாகிட்ட பணம் இருந்துதா?"

"இருந்துது. இதே அலமாரியில. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்."

நாத்தான் எழுந்து, தொப்பியை எடுக்காமலே வெளியே போனார். நானும் பின்னாலே போனேன். அவர் வேலியோரம் நின்று, நான் பெயிண்ட் அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசிக் காரியம் முடித்தவன் நான். அன்று கசிந்த தாரை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, போக நினைத்தால் போயிருக்கலாம். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல், திரும்ப உள்ளே போனார்.

பெலாகியா இருந்த இடத்திலேயே இருந்தாள், நோட்டு விரலிலேயே இருந்தது.

"அந்த நாற்பது இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. ரொட்டி வாங்கியிருப்பார். வண்டி பிடிச்சிருப்பார். ஒண்ணும் நடக்காமலும் போயிருக்கும்."

"அதை நான் எண்ணித் தர முடியாது."

"முடியாது" என்றார் அவர். உட்கார்ந்தார். "அந்த நாற்பதுக்கு உள்ளதை எண்ணுங்க. சும்மா திணிக்காதீங்க. சத்தமா எண்ணுங்க, எங்க சித்தப்பா அப்படித்தான் வாங்குவார்."

மேசைக்கு மேலே உள்ளங்கையை விரித்து வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வரிசையில் சூப் ஊற்றினவள், குரல் பழகினவள்தான். ஆனால் பத்து, இருபது என்று ஆரம்பித்தபோது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நாத்தான், "கேக்கல" என்றார். முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு நோட்டாக, முந்தினதன்மேல் நேராகப் படும்படி வைத்தாள். இருநூறு என்று சொல்லிக் கையை எடுத்தாள். அவருடைய விரல்கள் மூடவில்லை. பணம் மேலே இருக்க, கை விரித்தபடியே மேசைமேல் இருந்தது.